பெட்டியும் பொருளும்: வீட்டுத் திசைவியின் கட்டற்ற நிலைபொருள் வரலாறு



சிங்கப்பூரில் இணையம் எட்டாத வீட்டைக் காண்பது இன்று அரிது. 2010ஆம் ஆண்டு முதல் ஒளியிழை வடம் அடுக்குமாடி வீடுகளின் உள்ளே வரத் தொடங்கியது. அந்த வடம் முடியும் இடத்தில், தொலைக்காட்சி மேசைக்குப் பின்னாலோ காலணி அலமாரியின் மேலோ, ஒரு சிறு பெட்டி விளக்குகள் மினுங்க அமர்ந்திருக்கிறது. பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் பெற்றோரின் வங்கிக் கணக்கும் ஊரிலிருந்து பாட்டி பேசும் காணொளி அழைப்பும் அதன் வழியாகவே போய்வருகின்றன. ரௌட்டர் என நாம் பேச்சில் வழங்கும் அப்பெட்டியைக் கலைச்சொல்லாளர் திசைவி என்பர்.

அத்திசைவிக்குள் ஒரு பனுவல் இருக்கிறது. எந்தத் தரவை எங்கே அனுப்ப வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும், எந்த அலைவரிசையில் எவ்வளவு வலுவோடு பேச வேண்டும் என்பனவற்றையெல்லாம் அப்பனுவலே விதிக்கிறது. அதை எழுதியவர் யார், படிக்கும் உரிமை யாருக்கு, திருத்தும் உரிமை யாருக்கு என்பதே இவ்வுரையின் பொருள். மொழியியல் பயின்றவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பூட்டியிருந்த இப்பெட்டிகளைத் திறந்தது திருப்புளி அன்று. ஓர் உரிம வாசகம். திறந்த பின் அவற்றை இயங்கச் செய்வது ஒவ்வொரு பெட்டியையும் பற்றி எழுதப்படும் விளக்கக் குறிப்பு. எழுத்தின் ஆற்றலைக் காட்டும் வரலாறு என்பதால் இது நமக்கும் உரியதே.

1. சொல்லிலிருந்து தொடங்குவோம்

சாதனத்தின் உள்ளேயே நிலையாகப் பதிந்திருக்கும் மென்பொருளை ஆங்கிலத்தில் ஃபர்ம்வேர் என்பர். ஆஷர் ஆப்லர் என்னும் கணினி அறிஞர் 1967இல் டேட்டாமேஷன் இதழில் எழுதிய கட்டுரையில் இச்சொல்லை ஆண்டார். எளிதில் மாறாத வன்பொருளுக்கும் எளிதில் மாறும் மென்பொருளுக்கும் இடையில் நிற்பது என்பது அவர் கருத்து. தமிழில் இதனை நிலைபொருள் என்கிறோம்.

ஆங்கிலத்தில் வேர் என்னும் பின்னொட்டு விற்பனைச் சரக்கை மட்டுமே குறிக்கும். தமிழிலோ பொருள் என்னும் சொல் சரக்கையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாகப் பகுக்கப்பட்டதை மாணவர் அறிவர். கலைச்சொல்லை ஆக்கியோர் இதனை எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, நிலைபொருள் என்னும் தொடர் நம் சிக்கலைத் துல்லியமாகச் சுட்டிவிடுகிறது. கடையில் திசைவி வாங்குகிறவர் பொருளைக் கொண்டுவந்துவிடுகிறார். அதன் பொருள் தயாரிப்பாளரிடமே தங்கிவிடுகிறது.

மற்றொரு சொல்லிலும் தமிழுக்கு நன்மை உண்டு. ஆங்கிலத்தில் ஃப்ரீ என்னும் ஒரே சொல் விலையின்மைக்கும் விடுதலைக்கும் வழங்குவதால், ஃப்ரீ சாஃப்ட்வேர் என்பதைக் கேட்டோர் இலவச மென்பொருள் என்றே நெடுங்காலம் விளங்கிக்கொண்டனர். தமிழில் கட்டற்ற மென்பொருள் என்றதும் அக்குழப்பம் தீர்ந்தது. விலை கொடுத்து வாங்கினும் அது கட்டற்றதாக இருக்கலாம். இலவசமாகக் கிடைத்தும் அது கட்டுண்டதாக இருக்கலாம்.

2. ஓர் அச்சுப்பொறியும் ஓர் உரிமமும்

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். முந்தைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போரின் கணினித் திரையில் செய்தி தோன்றும்படி, அங்குப் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். ஆனால் அதன் மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. பொறி ஆய்வகத்தினுடையது, பழுதும் அங்கேதான், திருத்தும் திறனுடையவரும் அங்கேயே இருந்தார். ஆயினும் திருத்த முடியவில்லை.

இங்கு இரண்டு சொற்களை விளக்க வேண்டும். மனிதர் எழுதிப் படிக்கக்கூடிய வடிவில் இருக்கும் நிரல் மூல நிரல். அதைப் பொறிக்கு ஏற்ற எண்களாக மாற்றிய வடிவம் இரும நிரல். சாதனத்தோடு விற்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவதே. சமைத்த குழம்பிலிருந்து செய்முறையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினமோ, இரும நிரலிலிருந்து மூலத்தை மீட்பதும் அவ்வளவு கடினம்.

ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் குனு பொது உரிமத்தை வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1991இல் வந்தது. இவ்வுரிமத்தின் சாரம் எளிது: இந்த நிரலை யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் பிறருக்கு வழங்கும்போது அதன் மூல நிரலையும், இதே உரிமைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டு, பூட்டுவதற்குரிய சட்டத்தால் திறந்து வைத்தார் அவர். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கருவகமும் அடுத்த ஆண்டிலேயே இவ்வுரிமத்தின்கீழ் வந்தது.

3. நீலமும் கறுப்புமான ஒரு பெட்டி

2002 டிசம்பரில் லிங்சிஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற கம்பியில்லாத் திசைவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்புமான உடல், பின்புறம் இரண்டு அலைவாங்கிகள். 125 மெகாஹெர்ட்ஸ் செயலி, 16 மெகாபைட் நினைவகம், 4 மெகாபைட் சேமிப்பு. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அச்சேமிப்பில் அடங்காமல் போகலாம். 2003 மார்ச்சில் ஏறத்தாழ 50 கோடி அமெரிக்க டாலருக்கு லிங்சிஸை வாங்கப்போவதாகச் சிஸ்கோ நிறுவனம் அறிவித்தது.

2003 ஜூனில் லினக்ஸ் உருவாக்குநர்களிடையே ஒரு செய்தி எழுந்தது. இத்திசைவியின் நிலைபொருளை ஆராய்ந்தபோது அதனுள் லினக்ஸ் கருவகமும் வேறு சில கட்டற்ற நிரல்களும் காணப்பட்டன. ஆனால் உரிமம் கேட்கும் மூல நிரல் வாங்கியோருக்கு வழங்கப்படவில்லை. இதில் நோக்கத்தக்கது வழங்கல் சங்கிலி. பெட்டியின் மேல் ஒரு நிறுவனத்தின் பெயர். சில்லும் அதற்கான நிரலும் பிராட்காம் என்னும் வேறொரு நிறுவனத்தினுடையவை. இடையில் தைவான் நிறுவனம் ஒன்றின் கைவேலை. ஒவ்வொரு கை மாறும்போதும் உரிம வாசகம் பின்தங்கிவிட்டது. மூலச் சுவடியிலிருந்து படியெடுப்போர் பாயிரத்தை விட்டுவிட்டு நூலை மட்டும் எழுதியது போல.

கேள்வி வலுத்தது. 2003 ஜூலையில் லிங்சிஸ் மூல நிரலை வெளியிட்டது. அதைக் கொண்டு ஆர்வலர் பலர் தத்தம் நிலைபொருள்களை ஆக்கத் தொடங்கினர். 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது. பெயரின் பின்பாதி அந்த நீலப் பெட்டியின் மாதிரிப் பெயரிலிருந்தே வந்தது. தொடக்கத்தில் லிங்சிஸ் வெளியிட்ட நிரலைச் சார்ந்திருந்த அத்திட்டம், பின்னர்த் தன் சொந்த அடித்தளத்தை அமைத்துக்கொண்டு பல திசைவிகளுக்கும் பொருந்தும் ஒரு முழு இயங்குதளமாக வளர்ந்தது.

உரிம வாசகம் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற ஐயமும் விரைவில் தீர்ந்தது. லினக்ஸ் கருவகத்தின் தீயரண் பகுதியை எழுதியோருள் ஒருவரான ஹரால்டு வெல்டே, சைட்காம் என்னும் திசைவி விற்பனை நிறுவனத்தின்மீது ஜெர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2004இல் அவ்வுரிமம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீதே வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதம் அது உடன்பாட்டில் முடிந்தது. லிங்சிஸ் உரிமங்களை முறையாகப் பின்பற்றுகிறதா எனக் கவனிக்கத் தனி அலுவலர் ஒருவரை அமர்த்தச் சிஸ்கோ இசைந்தது.

சந்தை சொன்ன விடையும் உண்டு. செலவைக் குறைக்க 2005இல் லிங்சிஸ் இத்திசைவியின் ஐந்தாம் பதிப்பில் நினைவகத்தையும் சேமிப்பையும் பாதியாக்கி, லினக்ஸை விடுத்து வேறோர் இயங்குதளத்துக்கு மாறியது. பழைய பெட்டியை விரும்பியோர் பலர் இருந்தமையால், லினக்ஸுடன் கூடிய பழைய வடிவத்தையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் அந்நிறுவனம் மீண்டும் விற்றது. படிக்கவும் திருத்தவும் இயலும் பெட்டிக்கு வாங்குவோர் உண்டு என்பதை இது மெய்ப்பித்தது.

4. புதிய பெட்டியைப் படித்தல்

ஒரு பெட்டி திறந்தது சரி. ஆண்டுதோறும் வரும் புதிய பெட்டிகளுக்கு இந்நிலைபொருளைக் கொண்டுசெல்வது எவ்வாறு? இப்பணி கல்வெட்டுப் படிப்போரின் பணிக்கு நெருங்கியது.

நம் தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல் எனப்படும் ஒரு மணற்பாறைத் துண்டு உள்ளது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற அப்பெரும்பாறையில் ஏறக்குறைய 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1843இல் ஆங்கிலேய அதிகாரிகள் ஆற்றுவாயை அகலப்படுத்த அதை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டுகளைக் கொண்டு அவ்வெழுத்தை இன்றுவரை எவரும் உறுதியாகப் படிக்கவில்லை. எழுத்து நம்மிடம் இருக்கிறது. வாசிப்பதற்கான திறவுகோல் இல்லை. கல்வெட்டாய்வோர் ஏங்குவது இருமொழிக் கல்வெட்டுக்கு. அறிந்த மொழி ஒன்று உடனிருந்தால் அறியாததைப் படிக்க வழி பிறக்கும்.

திசைவியில் அத்தகைய வழி ஒன்று பெரும்பாலும் கிடைக்கிறது. பெட்டியின் மேல்மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் மின்பலகையில் மூன்று அல்லது நான்கு சிறு புள்ளிகள் வரிசையாக இருக்கும். தொழிற்சாலையில் சோதனைக்காக விடப்பட்ட தொடர்வாயில் அது. உரிய சிறு கருவியை அதில் இணைத்துக் கணினியில் பார்த்தால், மின்சாரம் பாய்ந்த கணத்திலிருந்து பெட்டி தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்வதை வரிவரியாகப் படிக்கலாம்: இன்ன சில்லு, இவ்வளவு நினைவகம், சேமிப்பு இன்னின்ன பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்று.

அடுத்த படி கவனமானது. எதையும் அழிப்பதற்கு முன் சேமிப்பில் உள்ளதனைத்தையும் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதனுள் ஒரு சிறு பகுதி அந்த ஒரு பெட்டிக்கே உரியது: வானொலிப் பகுதிக்குத் தொழிற்சாலையில் செய்த அளவுத்திருத்தமும், அப்பெட்டியின் தனி முகவரியும் அங்கே உள்ளன. அதே மாதிரியைச் சேர்ந்த மற்றொரு பெட்டியிலிருந்தும் அதைக் கடன்வாங்க இயலாது. பின்னர்ப் புதிய நிலைபொருளை நினைவகத்தில் மட்டும் ஏற்றி ஓட்டிப் பார்ப்பர். தவறு நேர்ந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கலாம், பழையது அழிந்திராது. எல்லாம் இசைந்த பின்னரே சேமிப்பில் எழுதுவர். இவ்வொழுங்கை மீறினால் பெட்டி வெறும் செங்கல்லாகிவிடும் என்பது இத்துறையினர் வழக்கு.

மொழியியலாளரின் கண்ணைக் கவர்வது இதற்கடுத்த பணி. முன்னாளில் ஒவ்வொரு பெட்டிக்கும் கருவகத்துக்குள்ளேயே தனி நிரல் எழுத வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பெட்டியின் அமைப்பை விளக்கும் குறிப்பைக் கருவகத்திலிருந்து பிரித்துத் தனிக் கோப்பாக்கினர். சாதன மரம் என்று அதற்குப் பெயர். எந்த முனையில் எந்த விளக்கு, எந்தப் பொத்தான் எங்கே, வடத்துளைகள் எந்த வரிசையில், சேமிப்பின் எப்பகுதியில் அளவுத்திருத்தம் என்பனவற்றைக் கிளைகிளையாக அது சொல்லும். 1994இல் வகுக்கப்பட்ட ஒரு தரநிலையிலிருந்து வந்த இம்முறை, 2011க்குப் பின் லினக்ஸ் உலகில் பெரிதும் பரவியது. 2020 ஜனவரியில் வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி 19.07 பதிப்பு, பெருந்தொகையான பழைய திசைவிகளை இம்முறைக்கு மாற்றிய வழியில் ஒரு மைல்கல்.

இதை இலக்கணமும் அகராதியும் என்று சொல்லலாம். இலக்கண விதிகள் எல்லார்க்கும் பொது. ஒவ்வோர் ஊரின் சொற்களும் அகராதியில். புதிய ஊருக்குப் போகும்போது இலக்கணத்தை மாற்றி எழுத வேண்டியதில்லை. சொற்பட்டியலைத் தொகுத்தால் போதும். எனவேதான் ஒரு தன்னார்வலர் சில மாலைப்பொழுதுகளில் எழுதும் குறிப்பு, உலகில் அதே மாதிரிப் பெட்டியை வைத்திருக்கும் அனைவருக்கும் பயன்படுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளுக்கு இன்று இந்நிலைபொருள் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

வரம்புகளும் உண்டு. 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட பழைய பெட்டிகளில் இன்றைய கருவகம் அடங்காது. தொடங்கி வைத்த நீலப் பெட்டியே இன்று அவ்வரம்புக்கு வெளியே நிற்கிறது.

5. சில்லுகளும் சிங்கப்பூரும்

லிட்டில் இந்தியாவின் தெற்கு விளிம்பில், ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் சிம் லிம் சதுக்கம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன அக்கடைத்தொகுதியில் திசைவி வாங்குவோர் விலையையும் வேகத்தையும் அலைவாங்கிகளின் எண்ணிக்கையையும் கேட்பர். உள்ளே இருக்கும் சில்லு யாருடையது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆனால் பெட்டியின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அதுதான்.

வரலாற்றைத் தொடங்கிவைத்த நீலப் பெட்டியின் சில்லு பிராட்காமினுடையது என்றேன். அந்நிறுவனத்தின் பிற்கால வானொலிச் சில்லுகளுக்கான இயக்கி நிரல்கள் பெரும்பாலும் மூடியவை; ஆகவே கட்டற்ற நிலைபொருள் அவற்றில் சரிவர ஓடுவது அரிது. பிராட்காமை 2016 பிப்ரவரியில் வாங்கியது அவாகோ என்னும் நிறுவனம். அதன் பதிவகம் அப்போது சிங்கப்பூர். வாங்கிய பின் பிராட்காம் என்னும் பெயரையே ஏற்றுக்கொண்டு, 2018 ஏப்ரலில் பதிவகத்தை அமெரிக்காவுக்கு மாற்றியது. அந்த இரண்டாண்டுகளும் உலகின் பெரிய சில்லு நிறுவனங்களுள் ஒன்று சட்டப்படி நம் நாட்டு நிறுவனமாக இருந்தது. சிங்கப்பூரிலும் ஆய்வு மையம் நடத்தும் தைவானின் மீடியாடெக் நிறுவனத்தின் சில்லுகளுக்கோ கட்டற்ற இயக்கிகள் நன்கு அமைந்துள்ளன. ஆதலால் புதிதாக ஆதரவு பெறும் திசைவிகளில் அதன் சில்லுகள் கொண்டவை மிகுதி.

இன்னொன்றும் கருதத்தக்கது. மீடியாடெக், குவால்காம் போன்ற சில்லு நிறுவனங்கள் திசைவி தயாரிப்போருக்குக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள் தொகுப்பே ஓப்பன்டபிள்யூஆர்டியை ஒட்டி அமைந்தது. ஆகவே மூடிய பெட்டி என நாம் எண்ணும் பலவற்றின் உள்ளே, கட்டற்ற திட்டத்தின் பழைய பதிப்பு ஒன்று வேறு சட்டையில் இருக்கிறது. தன்னார்வலர் எழுதியதைத் தயாரிப்பாளர் எடுத்துக்கொள்ளலாம். உரிமம் அதை அனுமதிக்கிறது. உரிமம் வேண்டுவது ஒன்றே: பெற்றவர் தம்மிடமிருந்து பெறுவோருக்கும் அவ்வுரிமையைக் கொடுக்க வேண்டும்.

6. தமிழ் எழுத்து கண்ட பாடம்

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. தமிழ் எழுத்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் இதில் சிக்கியிருந்தது.

1995 அக்டோபர் 27 அன்று அதிபர் ஓங் டெங் சியோங், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் அடங்கிய இணையத்தளத்தைத் தொடங்கிவைத்தார். எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியின் உழைப்பால் அதில் தமிழ் எழுத்து ஏறியது. 1997 மே மாதம் உலகின் முதல் தமிழ் இணைய மாநாடு இந்நகரில் கூடியது. மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தின் கு. கல்யாணசுந்தரம் எனப் பலரும் அக்காலத்தில் எழுத்துருக்களும் செயலிகளும் ஆக்கித் தந்தனர். 1999இல் கோவிந்தசாமி மறைந்தார். 2000ஆம் ஆண்டு மாநாடும் சிங்கப்பூரிலேயே நடந்தது. உத்தமம் அமைப்பு உருவானதும் அக்காலத்திலேயே.

அந்நாளில் பெருஞ்சிக்கல் குறியீட்டு முறை. ஒவ்வோர் எழுத்துருவும் அகரத்துக்கு ஓர் எண்ணும் ககரத்துக்கு ஓர் எண்ணும் தன் விருப்பப்படி கொடுத்திருந்தது. அனுப்பியவரிடம் உள்ள அதே எழுத்துரு பெறுபவரிடம் இல்லையெனில், கடிதம் புரியாத குறிகளின் குவியலாகத் தோன்றும். அட்டவணையை வெளிப்படையாக வைத்த எழுத்துருக்களின் கோப்புகளைப் பின்னாளில் எளிதில் மாற்ற முடிந்தது. அட்டவணையை வணிக மறையாக வைத்திருந்து, பின் கடையைக் கட்டிவிட்ட நிறுவனங்களின் கோப்புகளை, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பிறர் மீட்க வேண்டியதாயிற்று. திஸ்கி குறியீட்டுமுறை பலர் கூடிய திறந்த உரையாடலால் உருவானது. 1991 முதலே தமிழைக் கொண்டிருந்த ஒருங்குறி காலப்போக்கில் பரவியது; 2010இல் தமிழ்நாட்டு அரசும் அதைத் தரமாக அறிவித்தது. இன்று கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்பும் மாணவருக்கு இச்சிக்கல் கதையாகத் தோன்றலாம். அட்டவணை எல்லார்க்கும் பொதுவானதால் வந்த நிம்மதி அது.

திறந்த வாசகம் கருத்து வேற்றுமையையும் தாங்கும். 2016 மே மாதம் ஓப்பன்டபிள்யூஆர்டி குழுவினருள் நிருவாகம் பற்றிய மனவேறுபாடு எழுந்து, ஒரு சாரார் வேறு பெயரில் பிரிந்தனர். மூல நிரல் இரு சாராரிடமும் முழுமையாக இருந்தது. 2018 ஜனவரியில் அவர்கள் மீண்டும் ஒன்றாயினர். இரு சாராரின் உழைப்பும் வீணாகவில்லை. மூல நிரல் ஒருவர் பெட்டகத்தில் மட்டும் இருந்திருப்பின் இது நடந்திராது.

7. பாதுகாப்புக்குப் பகையா?

திறந்த நிலைபொருளுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்றை நேர்மையோடு பார்க்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் சில பகுதிகளை வானிலை ராடார்களும் பயன்படுத்துகின்றன. யாரும் திசைவியின் நிரலை மாற்றலாம் என்றால், வானொலி வலுவைக் கூட்டி ராடாரின் கண்ணை மறைக்கவும் கூடுமல்லவா? இவ்வச்சத்தால் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2015இல் விடுத்த வழிகாட்டுதல், கட்டற்ற நிலைபொருளையே தடுக்கச் சொல்வதாகப் பலருக்கும் தோன்றியது. எதிர்ப்பு எழவே, வானொலி வரம்புகளைக் காப்பதே நோக்கம் என ஆணையம் விளக்கியது. 2016 ஆகஸ்டில், வலு வரம்பை மீற இடங்கொடுத்த திசைவிகளை விற்றதற்காக டிபி-லிங்க் நிறுவனம் 2 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. அதே உடன்பாட்டில், கட்டற்ற நிலைபொருளை நிறுவ வழிசெய்யத் திறமூலக் குழுக்களோடு இணைந்து பணியாற்றவும் இசைந்தது. வானொலிக்கு வேலியும் நிரலுக்கு வாசலும் ஒருங்கே அமையலாம் என்பதற்கு இது சான்று.

மூடிய பெட்டிகளும் பாதுகாப்பானவையல்ல. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத திசைவிகளையும் கேமராக்களையும் படையாகத் திரட்டியது. 2018 மே மாதம் கண்டறியப்பட்ட மற்றொரு தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் சாதனங்களைப் பற்றியிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை வீட்டுத் திசைவிகள்.

சிங்கப்பூர் இதில் முந்திக்கொண்ட நாடு. 2020 அக்டோபரில் இணையப் பாதுகாப்பு அமைப்பு, சாதனங்களுக்கு நான்கு நிலைகளில் முத்திரை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதம் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வீட்டுத் திசைவிகளுக்கான பாதுகாப்புத் தரத்தை வெளியிட்டது. 2021 ஏப்ரல் 13 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைப் பெட்டி தானாகவே பெற வேண்டும். இங்கு விற்கப்படும் கம்பியில்லாத் திசைவிகள் முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும் என அப்போது விதிக்கப்பட்டது.

நல்ல விதி. ஆயினும் திருத்தத்தைத் தானாகப் பெறும் பெட்டிக்குத் திருத்தம் எழுதுகிறவர் ஒருவர் வேண்டும். சில ஆண்டுகளில் தயாரிப்பாளர் புதிய மாதிரிக்குப் போய்விடுகிறார். பழைய பெட்டி நாள்தோறும் கதவைத் தட்டிக் கேட்கும்; உள்ளே பதில் சொல்ல ஆளிருக்காது. விளக்குகள் அப்போதும் மினுங்கும். வீட்டாருக்கு வேறுபாடு தெரியாது. இணையத்துக்கும் இல்லத்துக்கும் இடையிலுள்ள ஒரே கதவு அதுதான். பூட்டு பழுதென்று ஊரெல்லாம் அறிந்த பின்னும் அதைச் சரிசெய்ய உரிமையாளருக்கு வழியில்லை. நன்றாக ஓடும் பெட்டியைக் குப்பையில் போடுவது ஒன்றே எஞ்சும் தீர்வு. மூல நிரலும் விளக்கக் குறிப்பும் வெளிப்படையாக இருந்தால் இரண்டாம் வழி ஒன்று திறக்கும்: தயாரிப்பாளர் கைவிட்டதைப் பிறர் தொடரலாம். தயாரிப்பாளரின் திருத்தங்கள் நிற்கும் நாளில், வாங்கியவர் விரும்பும் நிலைபொருளை ஏற்றப் பெட்டி இடங்கொடுக்க வேண்டும். இந்த ஒரு விதியும் சேர்ந்தால் நம் நாட்டு நெறிமுறை நிறைவுறும் என்பது என் கருத்து.

8. வகுப்பறையில் செய்யத்தக்கவை

2024 நவம்பர் இறுதியில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்னும் திசைவி விற்பனைக்கு வந்தது. இருபது ஆண்டுகள் பிறர் செய்த பெட்டிகளைத் திறந்து படித்த குழுவினர், அமெரிக்காவின் மென்பொருள் விடுதலைப் பேணகம் என்னும் அமைப்போடு சேர்ந்து தாமே வடிவமைத்த முதல் பெட்டி இது. மீடியாடெக் சில்லு, 1 கிகாபைட் நினைவகம். நிலைபொருள் கெட்டுப்போனாலும் மீட்டெடுக்கும்படி, தனியான இரண்டாவது சேமிப்பு ஒன்றும் அதில் உண்டு. ஒரு சிறு ஆளி எதிலிருந்து தொடங்குவது எனத் தீர்மானிக்கிறது. பயில்வோரின் தவற்றைப் பொறுத்துக்கொள்ளும் பெட்டி எனலாம்.

ஆசிரியர்களுக்கு என் பரிந்துரைகள் எளியவை. மாணவர் தம் வீட்டுத் திசைவியின் மாதிரிப் பெயரையும், நிலைபொருள் கடைசியாகத் திருத்தப்பட்ட நாளையும் பெற்றோர் துணையோடு குறித்துவரட்டும். அந்த நாள் பல ஆண்டுகளுக்கு முந்தையதாயின் ஏன் என்று வகுப்பில் பேசலாம். பயன்பாட்டிலுள்ள பெட்டியையோ, சேவை நிறுவனம் இரவலாகத் தந்ததையோ தொட வேண்டா. அலமாரியில் உறங்கும் சொந்தப் பழைய பெட்டி ஒன்று போதும். ஆசிரியர் மேற்பார்வையில், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதைத் திறந்து, சில்லின் மேல் பொறித்த எழுத்துகளைப் படிப்பதே நல்ல பாடம்.

தமிழ் மாணவர்க்கென ஒரு பணியும் உண்டு. கட்டற்ற நிலைபொருளின் திரைச் சொற்கள், எம்மொழியிலும் பெயர்க்கும்படி தனிக் கோப்புகளில் வைக்கப்பட்டுள்ளன. எவரிடமும் ஒப்பம் கேட்டுக் காத்திராமல் அவற்றைத் தமிழாக்கத் தொடங்கலாம். திசைவி என்பதா வழிப்படுத்தி என்பதா, தீயரண் என்பதா தீச்சுவர் என்பதா என்று வகுப்பில் வாதிட்டு முடிவு செய்யலாம். வாங்கிய பொருளின் பொருளை நம் மொழியில் எழுதிவைக்கும் உரிமை அங்கே நமக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்துவார் வேண்டும்.